ஞாயிற்றுக்கிழமைக் கோப்பை

போன மாதம் மகள் வீட்டில் எனக்கு நல்ல கோப்பையில் தேத்தண்ணி தந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

சிரிப்பீர்கள். நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தால் யாருக்காவது மனம் கெடுமா? எனக்குக் கெட்டது. பொன் கரை போட்ட வெள்ளைக் கோப்பை, அதற்குப் பொருத்தமான தட்டு, தட்டில் ஒரு சின்னக் கரண்டி. மகள் லவாலில் இருக்கிறாள், நாங்கள் மொன்றியல் பக்கம் இல்-பிசாரில். நடுவில் ஒரு ஆறு. கோடையில் காரை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற தட்டைப் படகு ஓடும், நாங்கள் பாதை என்போம். யாழ்ப்பாணத்தில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் ஓடுமே, அந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் அந்தக் கரை. ஆனாலும் அவள் மத்தியூவோடு குடிபோனதிலிருந்து நான் அங்கே போனது நான்கு தரம்தான். கல்யாணம் கட்டாமல் இருக்கிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லிப் பழகி இப்போது ஒரே மூச்சில் சொல்ல வருகிறது.

அன்றைக்கு மத்தியூவின் தாய் லூயிஸும் வந்தார். அவர் மணியடிக்கவில்லை. கதவைத் திறந்தார், சப்பாத்தைக் கழற்றினார், நேரே குசினிக்குள் போனார், பாத்திரம் காயப்போடும் தட்டிலிருந்து விளிம்பு உடைந்த தடித்த கோப்பை ஒன்றை எடுத்துக் கோப்பியை ஊற்றினார். என் மகள் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு வேலையிடத்துக் கதை ஏதோ சொன்னாள். பிரெஞ்சில், வேகமாக. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மகள் என் பக்கம் திரும்பி, "அம்மா, சீனி காணுமோ?" என்று கேட்டாள்.

போதும், சீனி காணும் என்றேன். வேறென்ன சொல்ல?

அந்தச் சிரிப்பில் லூயிஸ் அடுப்பை மறந்துவிட்டார். மிச்சக் கோப்பி பொங்கி வழிந்து கருகியது. அந்த மணம் கூடத்துக்கு வந்ததும் நான் லவாலில் இல்லை. மொன்றியல் நகருக்குள், கோட்-டெ-நெய்ஜில் ஒரு செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நின்றேன். வருடம் தொண்ணூற்றாறு. வயிற்றில் இதே மகள்.

இல்லை, சரியாகச் சொன்னால் முதல் நாள் அவள் வயிற்றிலும் இல்லை. அது கோடை முடிகிற நேரம். ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பித்த நான், இங்கே பிரெஞ்சு வகுப்பை முடித்துவிட்டு, முதியோரைப் பார்க்கும் வேலைக்குப் போயிருந்தேன். தந்த தாளில் எண்பத்தைந்து வயது, தனியே இருக்கிறார், கடை, சமையல், குளிப்பு என்று எழுதியிருந்தது. கட்டடத்தின் நடையில் எல்லாருடைய சாப்பாடும் மணக்கும். ஒரு கதவில் வினாகிரி, ஒரு கதவில் வறுத்த மிளகாய். நான் பார்க்கப்போன அந்த அம்மாவை மடாம் என்றுதான் கூப்பிடுவேன்; அவருடைய கதவில் முகப்பவுடரும் கருகின கோப்பியும். அவர் ஒருநாளும் கோப்பியைக் கருகவிடாமல் காய்ச்சியதில்லை. "கோப்பி காய்ச்சப் பழகவேண்டிய காலத்தில எனக்கு வேலைக்காரி இருந்தவள்" என்பார்.

ஒன்று சொல்லவேண்டும். மடாம் பேசியது பாரிஸ் பிரெஞ்சு. எனக்கு அது ஞாபகத்தில் இருப்பது எங்கள் யாழ்ப்பாணத் தமிழில். மாற்றிச் சொல்ல எனக்கு வராது, அப்படியே தருகிறேன்.

கதவைத் திறந்தவருக்கு உதட்டில் சிவப்பு, காதில் முத்து, வீட்டு அங்கியில் ஒரு பொத்தான் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மூக்கைக் காட்டினார்.

"உந்த மூக்குத்தி ஆர் தந்தது?"

"அம்மா."

"பிழை. ஆம்பிளையள் தரவேண்டியதை அம்மாமார் தந்தா ஆம்பிளையள் பழுதாப் போவாங்கள்."

மடாம் எப்படிப்பட்டவர் என்று எனக்கு விளங்க இரண்டு கிழமை எடுத்தது. எங்கள் பேச்சில் அதற்கு இருக்கிற சொற்கள் எல்லாம் ஏச்சு. பழந்தமிழில் கணிகை என்று இருக்கிறது, படிப்பித்திருக்கிறேன்; ஆனால் கணிகைக்கு நகம் வெட்டிவிடுவேன் என்று நினைத்ததில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய பாரிஸில், பூங்காவைப் பார்த்த மூன்று அறை வீட்டில், மடாம் பணக்காரர்களால் வைக்கப்பட்டிருந்தார். மடாமிடம் இப்படிச் சொன்னால் கோபம் வரும். "நான்தான் அவங்களை வைச்சிருந்தனான்" என்பார். ஆளுக்கு ஒரு நாள். ஆளுக்கு ஒரு கோப்பை.

அந்தக் கோப்பைகள் கூடத்தில் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் இருந்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. திங்கள் வங்கிக்காரர்: வருவார், சப்பாத்தைக் கழற்றுவார், இரண்டு மணித்தியாலம் நித்திரை கொள்வார், எழும்பி நன்றி சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் அவருக்கு நித்திரை வராதாம். செவ்வாய் மார்செய்யிலிருந்து வந்த கப்பல் முதலாளி. புதன் பெல்ஜியத்துச் சீனி வியாபாரி. வியாழன் ஷாம்பெய்ன் குடும்பத்தின் இளைய பிள்ளை; பாதி நேரம் தாயை நினைத்து அழுவான். வெள்ளி ஒரு கிழ நீதிபதி; மடாம் பேப்பரை உரத்து வாசிக்கவேண்டும், அவ்வளவுதான். சனி கனடாவின் மரவியாபாரி. வருடத்தில் இரண்டு தரம் வருவார்.

ஒருவருக்கு மற்றவர் இருப்பது தெரியும். ஆனால் தெரியாத மாதிரி இருக்கவேண்டும். அதற்குத்தான் கோப்பை. அவனுடைய நாளில் அவனுடைய கோப்பை மட்டும் மேசைக்கு வரும். மற்றவை பூட்டிக் கிடக்கும். வேலைக்காரி ஒரு தரம் புதன்கிழமை செவ்வாய்க் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"சீனிக்காரன் பாத்தான். எழும்பினான். அதைத் தூக்கிக் கண்ணாடியில எறிஞ்சான். செவ்வாய்க்காரன் வந்து என்ர கோப்பை எங்கையெண்டு கேக்க, பூனை தட்டிவிட்டிட்டுது எண்டன்."

"நல்ல கெட்டிக்காரி" என்றேன்.

"என்ன கெட்டிக்காரி? என்னட்டைப் பூனை இல்லை. பின்னேரமே போய் ஒண்டு வாங்கினனான்."

அதனால் அலுமாரியில் இருந்தது ஐந்து கோப்பை. ஞாயிறு என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஞாயிறு பணக்காரர் எல்லாம் பெண்சாதிமாரோட கோயிலுக்குப் போவினம்" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. 

யுத்தம் முடிந்ததும் மரவியாபாரி மடாமை மொன்றியலுக்குக் கூட்டிவந்தார். மலைச்சரிவில் அவருடைய பெரிய வீட்டில் மனைவி இருந்தார்; மடாமுக்கு ஒரு அப்பார்ட்மென்ட். பத்தொன்பது வருடம் சனிக்கிழமைகளில் மூன்று மணிக்கு வந்திருக்கிறார். செத்ததை மடாம் பேப்பரில் பார்த்து அறிந்தார். "கோயிலில கடைசி வாங்கில இருந்தனான். அவற்ற மனிசி திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வையை நான் இண்டைக்கும் வைச்சிருக்கிறன்" என்று சொல்லும்போது மடாமின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

இனி என் கோப்பைக்கு வருகிறேன். முதல் நாளே மடாம் எனக்குக் கோப்பி ஊற்றினார். அலுமாரியிலிருந்து அல்ல. தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொளுவியில் தொங்கிய மண்ணிறக் கோப்பையில். தடித்தது, பிடியடியில் ஒரு வெடிப்பு. தான் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் குடித்தார். அன்றிலிருந்து எனக்கு அதேதான்.

வேறு கோப்பை என்றால் என்னவென்று என் ஊரில் பிறந்தவளுக்குச் சொல்லித்தரவேண்டாம். எங்கள் வீட்டுக் கிணற்றடி வேலியில் ஒரு அலுமினியப் பேணி கவிழ்ந்திருக்கும். தேங்காய் பறிக்க வருகிறவருக்கு அதில்தான் தேத்தண்ணி. பன்னிரண்டு வயதில் நான் கேத்தலை உயர்த்திப் பிடித்து, பேணியில் படாமல் ஊற்றப் பழகியிருந்தேன். கெட்டிக்காரி என்று வீட்டில் சொன்னார்கள். அதைக் கொடுத்துப் பழகின கைக்கு அதை வாங்குவது எப்படி என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "கிழவி எனக்குச் சிரட்டை தந்திட்டாள்."

இவர் சிரித்தார். "வேணும் உனக்கு. கொம்மா வீட்டில எத்தினை பேருக்குக் குடுத்தனியள்?"

இவர் என்றால் என் கணவர். ஊரில் கணக்கு வாத்தியார். மொன்றியலில் ஒரு பேக்கரியில் மாவு மூட்டை தூக்கினார். கதை குறைவு. எனக்கு முன்னமே வெளிக்கிட்டவர், நடுவில் ஒன்றரை வருடம் பாரிஸில் அகப்பட்டுக் கிடந்தார். அந்த ஒன்றரை வருடத்தைப் பற்றி எனக்கு வந்த கடிதங்களில் சுகம், சுகமறிய ஆவல். நேரில் கேட்டால், "என்ன இருக்கு, கோப்பை கழுவினனான்." அவ்வளவுதான். அந்த ஒன்றரை வருடத்தில் எனக்கு எப்போதும் ஒரு கண். ஒரு மனிசன் ஒன்றரை வருடம் கோப்பை மட்டுமா கழுவுவான்?

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, வழுக்குப் பனி, எனக்கு அப்போதுதான் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. தனியே வரவேண்டாம் என்று இவர் கூட்டிப்போக வந்தார். சப்பாத்தில் பனியோடு கதவடியில் நின்றார். மடாம் உள்ளிருந்து கத்தினார்: "ஆம்பிளையை வாசலில நிப்பாட்டி வைக்கிறதோ உங்கட ஊர் வழக்கம்?"

இவர் வந்து கதிரை நுனியில் இருந்தார். மடாம் ஏதோ கேட்க, பதில் சொன்னார். மடாமின் புருவம் உயர்ந்தது.

"உந்தப் பிரெஞ்சு எங்க படிச்சது?"

"பாரிஸில. ஒரு உணவகத்தில."

எந்த உணவகம் என்று கேட்டார். இவர் பெயரைச் சொன்னார். மடாம் கையைத் தட்டினார். வெள்ளிக்கிழமை நீதிபதி அவரைச் சாப்பிடக் கூட்டிப்போன இடமாம். அதன் முன்வாசல் மடாமுக்குத் தெரியும், பின்வாசல் இவருக்குத் தெரியும். ஒருவர் மெத்தைக் கதிரைகளைச் சொல்ல, மற்றவர் குப்பைவாளிகளைச் சொன்னார். வருடங்கள் நாற்பது ஐம்பது இடைவெளி, ஆனாலும் அதே படிக்கட்டு, அதே ஈரச்சுவர். மடாம் அலுமாரியைக் காட்டி, "நீ உயரமான ஆள், அந்த நீலத்தை எடு" என்றார். வெள்ளிக் கோடு ஓடிய நீலக் கோப்பை. சனிக்கிழமைக் கோப்பை.

இவர் அதைத் திருப்பி அடியைப் பார்த்தார். குடித்து முடித்ததும் தானே கழுவினார். "இதைச் சுடுதண்ணியில போடக்கூடாது. கோடு கழண்டுபோம்" என்று, பச்சைத்தண்ணியில் விரல் நுனியால் கழுவி, துணியால் ஒற்றி, மேல்தட்டில் வைத்தார். மடாம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மடாமைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் மூன்று மணிக்கு வந்தார். ஞாயிறு கோயிலுக்குப் போகவே சவரம் செய்யாத மனிசன், சனிக்கிழமை செய்தார். நான் அடுத்த அறையில் மடாமின் உள்ளாடைகளை அயன்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருப்பேன். கூடத்திலிருந்து சிரிப்பு வரும். மடாமின் சிரிப்பு அல்ல. இவருடையது. தொடங்கினால் நிற்கத் தெரியாத, மூச்சு வாங்குகிற ஒரு சிரிப்பு. என்னோடு இருந்த காலத்தில் அதை நான் கேட்டதே இல்லை. இந்த மனிசனுக்குள் அப்படி ஒன்று கிடந்தது என்பதே எனக்குத் தெரியாது. ஒருநாள் சட்டையொன்றைக் கருக்கிவிட்டேன்.

பஸ்ஸில் கேட்பேன். "என்ன அப்பிடிச் சிரிப்பு?"

"சும்மா."

"சும்மாவோ? என்ன கதைச்சனியள்?"

"பாரிஸ் கதை."

எனக்குத் தராத ஒன்றரை வருடம், நீலக் கோப்பையில் கரைந்து கரைந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு மண்ணிறக் கோப்பை.

பக்கத்து வீட்டுப் புவனாக்காவிடம் சொன்னேன். அவ சிரித்த சிரிப்பில் மா குழைத்த கையால் கண்ணைத் துடைத்தா. "எடியே, எண்பத்தஞ்சு வயசுக் கிழவியில எரிச்சலோ? வயித்தில பிள்ளை இருக்கேக்க உப்பிடித்தான். மாங்காய் கேக்காமல் நீ வேற என்னவோ கேக்கிறாய்." நானும் சிரித்தேன். எரிச்சல் போகவில்லை. அந்தக் கிழவிக்கு இது வேலை, வாழ்நாளெல்லாம் செய்த வேலை என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பெப்ரவரியில் இவரிடம் சொன்னேன்: "மடாம் இனி உங்களை வரவேண்டாமாம். களைப்பா இருக்காம்."

மடாமிடம் சொன்னேன்: "அவருக்குச் சனியிலயும் வேலை வந்திட்டுது."

இரண்டும் சின்ன வசனம். வெட்கப்படாமல் சொல்கிறேன், எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது தெரியுமா? இவர் "அப்பிடியோ?" என்றார். மடாம் "அப்பிடியோ?" என்றார். அங்கே போகாமல் நிறுத்தினால் அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வரும் என்று நினைத்தேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு இவர் சாரத்தோடு ஜன்னலடியில் இருந்து பனியைப் பார்த்தார். சவரம் செய்யவில்லை.

முதல் இரண்டு சனியும் மடாம் நீலக் கோப்பையை எடுத்து மேசையில் வை என்றார். வைத்தேன். மூன்றாம் சனி, "அவர் வரமாட்டார்தானே மடாம், ஏன் வீணா?" என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை.

நான்காம் சனி பஸ் பிந்தியது. திறப்பைப் போட்டுத் திறந்தேன். மடாம் அலுமாரிக்குக் கீழே தரையில் கிடந்தார். கால் வைக்கும் முக்காலி ஒரு பக்கம் சரிந்திருந்தது. உதட்டில் சிவப்பு, கழுத்தில் முத்து. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி நீலக் கோப்பை. இடுப்பு முறிந்திருந்தது. கோப்பையில் ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிவப்புப் பூசாத மடாமை அன்றுதான் பார்த்தேன்; பொய்முடியும் இல்லை. வெள்ளைத் துணியில் ஒரு சின்னத் தலை. கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"உன்ர மனிசனுக்குச் சனிக்கிழமை வேலை இல்லை, என்ன?"

நான் படுக்கை விரிப்பைச் சரிசெய்தேன்.

"எப்ப தொடக்கம் எரியிறாய்?"

"நத்தார் தொடக்கம்" என்றேன். ஏன் உண்மையைச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது.

மடாம் கண்ணை மூடினார். முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு நன்றி சொன்னார், "மேர்சி" என்று. "கோயிலில திரும்பிப் பாத்தாவே, அந்த மனிசிக்குப் பிறகு என்னில ஆரும் எரியேல்லை. முப்பது வருசமாச்சு. நான் முடிஞ்சுபோனன் எண்டு நினைச்சனான்."

எனக்கு அழுகை வந்தது. இவரைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், தலைமயிர் இல்லாமல் ஒரு ஆம்பிளை தன்னைப் பார்த்ததில்லையாம். பிறகு, "ஆனா நீ விசரி" என்றார்.

"ஓம் மடாம்."

"அவன் குடிச்சது சனிக்கிழமையில. போனவன்ர கோப்பை, வந்தவனுக்குக் குடுத்தன். உனக்கு என்ர ஞாயிறைத் தந்தனே. குசினிக் கதிரையில கால் ரெண்டையும் நீட்டிப்போட்டு, பூச்சில்லாமல், ஒருத்தருக்கும் சிரிக்காமல் குடிக்கிறது அதில. பாரிஸிலயிருந்து மடியில வைச்சுக் கொண்டந்தனான். தாதி வந்தாக் கடதாசிக் கோப்பையிலதான் குடுக்கிறனான். நீ காணேல்லையோ?"

கண்டிருந்தேன். தாதிக்குக் கடதாசிக் கோப்பை, தனக்குக் கண்ணாடிக் குவளை, எல்லாவற்றையும் நான் கண்டிருந்தேன். என் கண்ணுக்கு முன்னால் கிணற்றடிப் பேணிதான் தொங்கியது.

மடாம் வீடு திரும்பவில்லை. முதியோர் இல்லமொன்றுக்கு மாற்றினார்கள், ஏப்ரலில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது இவர் ஒரு தரம் கேட்டார், "நான் ஒருக்காப் போய்ப் பாக்கட்டோ?" என்று. வரவேண்டாமாம் என்றேன். அது ஒன்றுதான் இதில் நான் இவரிடம் சொன்ன உண்மை.

திறப்பைக் கொடுக்கப் போன நாளில் வீடு காலியாக இருந்தது. நடையில் கட்டிவைத்த கறுப்புப் பைகள். அலுமாரி போய்விட்டது. குசினியில் கொளுவி மட்டும் இருந்தது. சாமான் இறக்கியவனிடம் கேட்டேன், தோளைக் குலுக்கினான். பையொன்றை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். பெரிய வயிறு, குனிய முடியவில்லை என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன்.

சரி, லவாலுக்கு வருகிறேன். அன்றைக்குப் பொன் கரைக் கோப்பையில் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் கழித்து மகளை அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன். ஒரு வசனம் தயாராக இருந்தது. "பிள்ளை, நீ அங்கால போன நேரம் லூயிஸ் உன்ர சமையலைப் பற்றி ஒண்டு சொன்னவ." அவ்வளவுதான். சின்ன வசனம். லூயிஸ் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மகள் "அம்மா?" என்றாள். தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது அதே அளவில், அதே சூட்டில், வாயில் வந்து நின்றதே என்று. "சும்மாதான் எடுத்தனான்" என்று வைத்துவிட்டேன்.

இப்போதும் எரிகிறது, மறைக்கவில்லை. அந்த உடைந்த கோப்பையை நினைத்தால் இதை எழுதும்போதும் எரிகிறது.

தொலைபேசியை வைத்த அன்று பின்னேரம் இவர் ஜன்னலடியில் இருந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்றபிறகு அதுதான் வேலை. கேட்டேன், "பாரிஸ் மடாமை ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இல்லாமல்?" என்றார். பிறகு, "நான்தான் பிழை விட்டிட்டன் போல. கடைசி நாள் அவவின்ர வயசைக் கேட்டனான். அதாலதான் வரவேண்டாம் எண்டிருப்பா."

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரு மனிசன் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து, பெப்ரவரியில் சொன்ன இரண்டு வசனத்தையும் சொன்னேன். முக்காலியையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன்.

இவர் கோபிக்கவில்லை. சிரிக்கவுமில்லை. அந்தச் சிரிப்பு, நான் வீட்டுக்குக் கொண்டுவர நினைத்தது, அந்தக் குளிர்காலத்தோடு எங்கேயோ போய்விட்டது. மகளுக்குக்கூட அதைத் தெரியாது. ஆற்றில் கடைசிப் பாதை இரண்டு காரோடு அந்தக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அது கரை சேரும்வரை பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்.

"அந்த நீலக் கோப்பை?"

"தெரியாது. ஆரோ கொண்டுபோட்டினம்."

இவர் தன் விரல் நுனிகளைப் பார்த்தார்.

"சுடுதண்ணியில போட்டிருப்பாங்கள்" என்றார்.